ரோஸ் தலைப்பாவும் ஜூம் இல்லாத கேமராவும்

பண்ணைக்காடு,
8 ஜூன் 2025

என் அருமை மருமகள் சுபஸ்ரீக்கு,

உன் தாய்மாமன் சேனாதிபதி எழுதுவது. இங்கே நானும் உன் அத்தையும் ஜீப்பும் சுகம். மிளகுக் கொடிதான் கொஞ்சம் சுகமில்லை, மழை கேட்டிருக்கேன், வந்துரும். நெதர்லாந்தில் நீயும் மாப்பிள்ளையும் வயித்துக்குள்ள இருக்கிற என் பேரனும் சுகமா இருக்கணும். பேரன்தான். நான் சொல்லிட்டேன்.

போனில் பேசாமல் ஏன் மாமா காகிதம் எழுதுறார்னு நினைக்காதே. என் மகன் அஜித்குமார் இருக்கானே, போனை ஸ்பீக்கரில் போடாமல் அவனுக்குப் பேச வராது. நாம் இங்கே பேசுறது பூம்பாறையில் உன் அம்மா காதுக்கு அரை மணியில் போயிரும். ரகசியத்துக்குக் காகிதம்தான் லாயக்கு.

உன் சிநேகிதி சத்தியபிரியா கொடைக்கானல் பஸ் ஸ்டாண்டில் பார்சலைக் கொடுத்தாள். பிரித்துப் பார்த்ததும் எனக்குக் கோபம்தான் வந்தது. வெளிநாட்டில் சம்பாதிக்கிற பிள்ளை, எங்க தாத்தா காலத்து டப்பாவை அனுப்பியிருக்காளேன்னு. அப்புறம் அஜித்துதான் போனில் தேடிப் பார்த்துச் சொன்னான். புது கேமராவாம், வேணும்னே பழசு மாதிரி செய்றாங்களாம், அதுக்கு ஜனங்க மாசக்கணக்கில் காத்துக் கெடக்காங்களாம். கேட்டதும் கேமராவுக்கு ஒரு மரியாதை வந்துருச்சு. மேலே இரும்புத் திருகாணி, திருகினா நறுக் நறுக்குன்னு நிக்குது. தோல் போர்த்தின உடம்பு. ஏரிக்கரையில் குதிரை மேல வந்த ஒரு வெள்ளைக்காரர் என் கழுத்தில் அதைப் பார்த்துட்டு, குதிரையை விட்டு இறங்கி எனக்கு சல்யூட் அடிச்சுட்டுப் போனார். நான் லேசாத் தலையை ஆட்டினேன்.

நீ கேட்டது எனக்கு மனப்பாடம். ஒரே ஒரு படம். உன் அம்மா முருகம்மாள் கேமராவை நேராப் பார்த்து நிற்கிற படம். மூணு வருஷத்துக்கு முன்னால் உன் கல்யாண ஆல்பத்தை அக்கா ஒரு தடவைதான் புரட்டினா. மூடி வச்சுட்டு, "என் மக கல்யாணத்துக்கு நான் போகலை போலிருக்கு"ன்னு ஒரு வார்த்தை சொன்னா. அதிலிருந்து எந்தக் கேமராவுக்கும் முகம் காட்டுறதில்லை. உன் வீடியோ காலுக்கும் தகரக் கூரையைத்தான் காட்டுறா. பாஸ்போர்ட் ஆபீஸில் உட்கார வச்சு அங்கேயே படம் எடுப்பாங்கன்னு கேள்விப்பட்டதும், "அப்ப பாஸ்போர்ட்டும் வேண்டாம், பிளேனும் வேண்டாம்"னுட்டா. டிசம்பரில் உனக்குப் பிரசவம். அம்மா பக்கத்தில் இருக்கணும்னு நீ ஆசைப்படுறே. முதல் படத்துக்கு அவ இறங்கி வந்துட்டா, அடுத்த படத்துக்குத் தானா வருவா. சரிதானே?

இதெல்லாம் எனக்கு ஒரு சோலியே இல்லை. பத்து நாளில் முடிச்சுருவேன்.

இத்துடன் நான் எடுத்த முதல் படத்தை வச்சிருக்கேன். பெரிய காட்டுமாடு. தாண்டிக்குடி ரோட்டில் என்னை முட்ட வந்துச்சு. கேமராவைத் தூக்கினேன், நின்னு போஸ் கொடுத்துச்சு.

ஆசிகளுடன்,
உன் மாமன்,
சே. சேனாதிபதி
(ஆறாம் வகுப்பு, வகுப்பில் முதல்)

*

உத்ரெக்ட்,
25 ஜூன் 2025

அன்புள்ள மாமாவுக்கு,

கடிதம் கிடைத்தது. படித்துச் சிரித்ததில் வாந்தி கூட நின்றுவிட்டது. அத்தையைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

காட்டுமாட்டுப் படத்தைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தோம் மாமா. அது தார்ப்பாய் போட்டு மூடின மோட்டார் சைக்கிள். நம்பர் பிளேட்டில் பாதி தெரிகிறது. லென்ஸ் அவ்வளவு நல்ல லென்ஸ், என்ன செய்ய.

இந்தக் கேமராவில் ஜூம் கிடையாது. தூரத்தில் இருப்பது தூரத்திலேயேதான் இருக்கும். எது பெரிசாத் தெரியணுமோ, அதுக்குப் பக்கத்தில் நீங்கதான் நடந்து போகணும். பேட்டரி சீக்கிரம் தீரும், குளிரில் இன்னும் சீக்கிரம். முக்கியமா, மழையில் நனையக் கூடாது. பூம்பாறைச் சாரலும் மழைதான், மறந்துடாதீங்க.

இன்னொன்று. இது படம் எடுக்கும்போது சத்தமே போடாது. உங்களுக்கு ஆசை வரும். கூடாது. அம்மாவுக்குத் தெரியாமல் திருடின படம் எனக்கு வேண்டாம். தெரிந்து, சம்மதிச்சு, என்னைப் பார்க்கிற மாதிரி பார்க்கணும்.

கோபிக்காமல் கேளுங்கள். ஆல்பத்தை நேற்று மறுபடி பார்த்தேன். நீங்கள் இல்லாத பக்கமே இல்லை. தாய்மாமன் சீர், தாலி, மாலை, பந்தி, எல்லாத்திலும் அந்த ரோஸ் பட்டுத் தலைப்பாவோடு நடுவில் நீங்கள். அம்மா இருக்கிற படம் ஒன்றே ஒன்று, தாலி கட்டுற நேரம். அதில் அம்மா இருக்கிறார்கள் என்று எனக்கு எப்படித் தெரியும் என்றால், உங்கள் தலைப்பாவுக்கு மேலே பூப்போடுகிற ஒரு கை தெரிகிறது. அப்பா இல்லாத மேடையில் முன்னால் வரக் கூச்சப்பட்டு அம்மா பின்னாடி நின்றிருந்தார்கள். நானும் திரும்பிப் பார்க்கவில்லை. உங்களை மட்டும் சொல்லவில்லை.

மருமகள்,
சுபஸ்ரீ

*

பண்ணைக்காடு,
17 ஜூலை 2025

அன்பு மருமகளே,

உன் காகிதம் பார்த்தேன். தலைப்பாவைப் பத்தி எழுதியிருந்தே. அந்த போட்டோக்காரன் என் முகத்தில் ஒரு களை இருக்குன்னு அவனாத்தான் எடுத்தான், நான் என்ன செய்ய? இப்பவும் ஜீப் ஓட்டும்போது அதைத்தான் கட்டுறேன். செக்போஸ்ட்டில் எழுந்து நிக்கிறாங்க.

வேலை முக்கால்வாசி முடிஞ்சுது. எப்படின்னு சொல்றேன்.

பூம்பாறைக்குப் போனேன். உனக்குத் தெரியும், பூண்டு வயலெல்லாம் படிப்படியா இறங்கும். அக்கா கீழ்ப் படியில் களை எடுத்துக்கிட்டிருந்தா. நான் மேலே தைல மரத்துக்குப் பின்னால் பதுங்கி ஒரு படம் எடுத்தேன். திட்டாதே, பரீட்சைக்குத்தான். பிரிண்ட் போட்டா, மலை இருக்கு, வானம் இருக்கு, வயலெல்லாம் பச்சைப் பாய் விரிச்ச மாதிரி இருக்கு, அப்படி ஒரு நிறம் நான் பார்த்ததில்லை. அக்கா மட்டும் ஒரு பூண்டுப் பல் அளவு இருக்கா. ரெண்டாவது படத்துக்கு வெள்ளையா மஞ்சு மூட்டம் இறங்கிருச்சு. மஞ்சுக்குள்ள கேமராவுக்குக் கண்ணு தெரியலை. எதைப் பிடிக்கிறதுன்னு தெரியாமல் லென்ஸ் உர்ருன்னு முன்னே போகுது, பின்னே வருது. மூணாவதுக்கு பேட்டரி செத்துப் போச்சு. கையிடுக்கில் வச்சுச் சூடு காட்டினேன். என் உடம்புச் சூட்டுக்கு உடனே எந்திரிச்சுருச்சு. இதைக் கம்பெனிக்காரங்களுக்கு எழுதிப் போடு.

அதுக்குள்ள அக்கா மேலே ஏறி வந்துட்டா. "ஏலே சேனாதி, கழுத்துல என்னலே தொங்குது? ரேடியோவா?"

கேமரான்னு சொன்னா முகத்தைத் திருப்பிக்கிட்டுப் போயிருவா. வாயில் வந்ததைச் சொன்னேன். "பூண்டுக்கு நோய் பார்க்கிற கருவிக்கா. ஒரு விஞ்ஞானி குடுத்தாரு. இது வழியாப் பார்த்தா வேர் வரைக்கும் தெரியும்."

அக்கா என்னை மேலும் கீழும் பார்த்தா. "அப்படியா" அப்படின்னா. அவ்வளவுதான்.

மறுநாள் வெள்ளனே பூம்பாறையில் ஜீப்பை நிறுத்துறேன், ஊரே பூண்டைப் பிடுங்கி வச்சுக்கிட்டு வரிசையில் நிக்குது! யார் சொன்னாங்கன்னு தெரியலை. தங்கமுத்து முதல் ஆள். "மாமா, என் பூண்டு இலை நுனி கருகுது, பாருங்க." விடுவேனா? கிட்டப் போய் எடுத்தேன். பூண்டைக் கையில் பிடிச்ச ஆளையும் சேர்த்து எடுத்தேன். நோயாளி மட்டும் இருந்தாப் போதாது, சொந்தக்காரரும் வேணும்னு சொன்னேன். கொடைக்கானல் ஸ்டுடியோவில் பிரிண்ட் போட்டுக் கொடுத்தேன். வேலம்மாக்கா தன் படத்தைப் பார்த்து அழுதுட்டா. இப்ப எனக்குப் பூம்பாறையில் பேரே பூண்டு டாக்டர்.

கடைசியில் உன் அம்மாவும் வந்தா. முந்தானையால் முகத்தை மூடிக்கிட்டு, ரெண்டு கையிலும் பூண்டை ஏந்தி லென்ஸுக்கு நேரா நீட்டினா. "பூண்டை மட்டும் பாருலே. முகத்துல நோய் ஒண்ணும் இல்லை"ன்னா. இத்துடன் அந்தப் படம். முகம் இல்லை. கை இருக்கு. கைன்னா பாதி ஆள்தானே? அதனாலதான் முக்கால்வாசி முடிஞ்சுதுன்னு எழுதினேன்.

ஆசிகளுடன்,
பூண்டு டாக்டர் சேனாதிபதி

*

உத்ரெக்ட்,
2 ஆகஸ்ட் 2025

அன்புள்ள மாமா,

அந்தக் கையை எனக்கு எங்கே பார்த்தாலும் தெரியும். இடது கட்டை விரலில் அரிவாள் வெட்டு. நகத்துக்குள் செம்மண். அவ்வளவு கிட்டே, தோலில் ஒவ்வொரு கோடும் தெரிகிறது. அதைப் பிடித்துக்கொண்டு நடந்திருக்கிறேன், ஆனால் இப்படிப் பார்த்ததில்லை. மூணு வருஷத்தில் அம்மாவிடமிருந்து எனக்குக் கிடைத்த முதல் படம் மாமா. சட்டம் போட்டு மாட்டிவிட்டேன். நன்றி.

ஆனால் டாக்டர் வேலையை உடனே நிறுத்துங்கள். நீங்கள் நோய் இல்லை என்று சொன்னதை நம்பி ஒருத்தர் மருந்தடிக்காமல் விட்டால், அந்தக் குடும்பத்துக்கு ஆறு மாத உழைப்பு போகும். எனக்காக அது நடக்க வேண்டாம். எல்லோரிடமும் உண்மையைச் சொல்லுங்கள். முதலில் அம்மாவிடம் சொல்லுங்கள். அம்மா கோபப்பட்டு இனி எப்போதும் படம் வேண்டாம் என்றால், சரி, வேண்டாம். பிரசவத்தை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். இங்கே நல்ல நர்ஸ் இருக்கிறார்கள்.

அப்படி எழுதிவிட்டேன். எழுதும்போது எனக்கே நம்பிக்கை இல்லை.

சுபஸ்ரீ

*

பூம்பாறை,
24 ஆகஸ்ட் 2025

என் தங்க மருமகளே,

ஜெயிச்சாச்சு! முதலில் கவரில் இருக்கிற படத்தைப் பார். பார்த்துட்டு அழுதுட்டு வா. நான் இங்கேயே இருக்கேன்.

வந்துட்டியா? இப்ப கதையைக் கேளு. இதில் நான் ஒரு சொல்லும் கூட்டலை. தேவைப்படலை.

உன் காகிதம் வந்த அன்னைக்கே கிளம்பினேன். பயமெல்லாம் இல்லை, வழியில் மூணு தடவை நிறுத்தி டீ குடிச்சேன், ரோடு சரியில்லை. பூண்டெல்லாம் அறுவடை ஆகி வயல் ஓரத்தில் கட்டுக் கட்டா காய்ஞ்சுக்கிட்டிருந்தது. அக்கா நடுவில் உட்கார்ந்து பூண்டுத் தாளைச் சடையாப் பின்னிக்கிட்டிருந்தா.

"அக்கா, அது நோய் பார்க்கிற கருவி இல்லை. கேமரா. சுபா அனுப்பினது."

அவ பின்னுறதை நிறுத்தலை. "தெரியும்லே. பார்சல் வந்த அன்னைக்கே அஜித்து போன் பண்ணிட்டான். 'அப்பாவுக்கு சுபாக்கா கேமரா அனுப்பிருக்கு அத்தே, பழைய மாடல் மாதிரியே இருக்கு'ன்னு."

"அப்ப ஊரையே வரிசையில் நிறுத்துனது?"

"நான்தான். நீ எம்புட்டு தூரம் போறேன்னு பார்ப்போம்னுதான். தங்கமுத்துகிட்ட மட்டும் சொல்லி வச்சேன், 'அவன் பேச்சைக் கேட்டு மருந்தடிக்காம விட்றாதீங்கடா'ன்னு. தங்கமுத்து மருந்து பத்தி எங்கலே கேட்டான்? பிரிண்டு எப்ப வரும்னுதான் கேட்டான்."

பூண்டு டாக்டரையே அக்கா ஏமாத்திட்டா. என் ஆயுசில் அது நடந்ததில்லை, உன் அத்தையைக் கேளு.

"சரிக்கா. ஒரே ஒரு படம். அந்தப் பிள்ளைக்கு."

"வேண்டாம்லே. ஆல்பத்துல இல்லாத முகம் தனியா எதுக்கு?" சொல்லிட்டு எந்திரிச்சு, ஒரு பூண்டுக் கட்டைத் தூக்கிக்கிட்டு வீட்டுப் பக்கம் நடந்தா. எனக்கு எல்லாம் போச்சுன்னு ஆகிருச்சு.

அப்பத்தான் சாரல் இறங்குச்சு. எனக்கு உன் காகிதம் ஞாபகம் வந்துச்சு, நனையக் கூடாது, நனையக் கூடாதுன்னு. சட்டைக்குள்ள போடலாம்னா ஸ்வெட்டர் இறுக்கம். வேற எதுவும் கையில் இல்லை. தலையில் இருந்த ரோஸ் தலைப்பாவை உருவி, கேமராவைச் சுத்தி, பச்சைப் பிள்ளையை மாதிரி நெஞ்சோட அணைச்சுக்கிட்டேன். என் வழுக்கை மேல தண்ணி சொட்டுது.

அக்கா திரும்பிப் பார்த்தா. நின்னா. பூண்டுக் கட்டு கையில் இருந்து நழுவிருச்சு. அப்புறம் சிரிச்சா பாரு! அவ அந்த மாதிரி சிரிச்சு நான் பார்த்து எத்தனையோ வருஷம் ஆச்சு.

"தலைப்பாவை எடுத்துட்டியாலே! அன்னைக்கு மேடையில உன் பின்னாடி நின்னுக்கிட்டு, 'தலைப்பாவை எடுலே, என் மகளைப் பார்க்கணும், தலைப்பாவை எடுலே'ன்னு தொண்டை கிழியக் கத்துனேன். மேளத்துல உனக்குக் கேக்கலை. தாலி ஏறுறதை நான் பார்க்கவே இல்லைலே. பூவைத் தூக்கிப் போட்டேன், எங்க விழுந்துச்சுன்னு கூடத் தெரியாது. இப்ப ஒரு டப்பா நனையுதுன்னு எடுக்கறே!"

அவ கோபமெல்லாம் ஆல்பத்து மேலன்னு இத்தனை நாள் நினைச்சோம். படத்துல அவ இல்லைங்கிறது ரெண்டாவது. அவ கண்ணுக்கே அன்னைக்கு நீ கிடைக்கலை மருமகளே.

தலைப்பாவைக் குடை மாதிரி கேமராவுக்கு மேல ஒரு கையால் பிடிச்சுக்கிட்டுக் கிட்டப் போனேன். ஜூம் இல்லையே, போய்த்தானே ஆகணும். ஒரு கை தூரம்.

"இம்புட்டுக் கிட்ட வந்தா மூஞ்சி பூசணிக்கா மாதிரி வரும்லே."

"வரட்டும்க்கா. சுபா இதுக்குள்ளேதான் இருக்கா. இன்னைக்கு நல்லாப் பாரு. நடுவுல யாரும் இல்லை."

சிரிச்ச முகம் சிரிச்சபடியே இருக்க, கண்ணு மட்டும் நிறைஞ்சு, நேரா லென்ஸைப் பார்த்தா. அமுக்கினேன்.

"எடுலே, சீக்கிரம்"ங்கிறா.

"எடுத்துட்டேன்க்கா."

"பொய் சொல்லாதே. சத்தமே வரலையே."

சத்தமே போடாத கேமரான்னு அவளுக்கு எப்படி விளங்க வைக்கிறது? நம்பலை. "இன்னொண்ணு எடு" "அதுவும் எடுத்துட்டேன்" "சத்தம் வரலையே, இன்னொண்ணு". பேட்டரி சாகுற வரைக்கும் எடுத்தோம். மூணு வருஷம் முகம் காட்டாதவ, ஒரே மழையில் மொத்தமும் காட்டிட்டா. இந்தக் கேமராவோட குறைன்னு நீ எழுதினதெல்லாம் அன்னைக்கு எனக்கு வேலை பார்த்துச்சு. நிறைன்னு நான் நினைச்ச சத்தமில்லாததுதான் கஷ்டப்படுத்துச்சு, அதுவும் நல்லதுக்கே.

சாயங்காலம் கையிடுக்கில் வச்சுப் பேட்டரியை எழுப்பிக் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தா. "ஆல்பத்துல முதல் பக்கத்துல ஒட்டச் சொல்லு"ன்னா. அப்புறம் தாள் பின்னிக்கிட்டே, என்னைப் பார்க்காமல், "பாஸ்போர்ட்டுக்கு எங்கலே போகணும்? மதுரைக்கா?" அப்படின்னா.

ஜீப்பைத் துடைச்சு வச்சுட்டேன்.

வெற்றி வீரன்,
உன் மாமன் சேனாதிபதி

*

உத்ரெக்ட்,
8 செப்டம்பர் 2025

மாமா,

படம் முதல் பக்கத்தில் இருக்கிறது. அந்தப் பக்கத்தில் இருந்த உங்கள் படத்தை இரண்டாம் பக்கத்துக்கு மாற்றிவிட்டேன், மன்னிக்கவும்.

நேற்று அம்மா வீடியோ காலில் வந்தார்கள். தகரக் கூரை கொஞ்சம் தெரிந்தது. பிறகு நெற்றி. பிறகு முழு முகம். "நல்லாத் தெரியுறேனா?" என்று கேட்டார்கள். நான் போன் திரையைத் தடவிப் பார்த்தேன். உங்கள் மாப்பிள்ளைதான் போனை வாங்கி, "நல்லாத் தெரியுறீங்க அத்தை" என்றார்.

இந்த மாதிரி தாய்மாமன் யாருக்கும் கிடையாது. இதை ஊரில் எல்லோரிடமும் சொல்லிக்கொள்ளலாம். இந்த ஒன்றை மட்டும் கூட்டிச் சொல்லத் தேவையில்லை.

உங்கள் மருமகள்,
சுபா

*

பண்ணைக்காடு,
16 நவம்பர் 2025

அன்பு மருமகளே,

இந்தக் காகிதம் உன் கைக்கு வர்றதுக்கு முன்னாடியே உன் அம்மா வந்து உன் அடுப்படியைத் தலைகீழாக்கி வச்சிருப்பா. பாஸ்போர்ட் ஆபீஸில் என்ன நடந்துச்சுன்னு அவ சொல்லியிருக்க மாட்டா. படம் எடுக்கிற பொண்ணுகிட்ட, "சத்தம் வரலையே, இன்னொண்ணு எடும்மா"ன்னா. பின்னாடி நின்ன வரிசை பூராவும் சிரிச்சுச்சு. ஆபீசர் எழுந்து வந்து எனக்குக் கை கொடுத்தார். சரி, எழுந்து வந்தார். கை கொடுக்கலை.

கேமராவை அவ கழுத்திலேயே மாட்டி அனுப்பிட்டேன். பிளேன் ஜன்னலில் இருந்து மேகத்தை எடுப்பாளாம். பூம்பாறை மஞ்சைப் பார்க்காத மாதிரி பேசுறா. பூண்டு ரெண்டு கட்டு பெட்டியில் இருக்கு, பெட்டியைத் திறக்கும்போது ஜன்னலைத் திறந்து வை.

நீ போனில் அந்தக் கேமரா எப்படி மாமான்னு கேட்டிருந்தே. உள்ளதைச் சொல்றேன். குளிர் தாங்காது, மழை தாங்காது, மஞ்சுக்குள்ள தடுமாறும், கையில் வழுக்கும், தூரத்தில் இருக்கிறதைக் கிட்டக் கொண்டுவரத் தெரியாது. ஆனா கிட்டப் போனவனை ஏமாத்தாது. அவ்வளவுதான் எனக்குத் தெரிஞ்சது. வேணும்னா கம்பெனிக்காரங்களுக்கு என் பேரோட எழுதிப் போடு.

கிளம்புறதுக்கு முந்தின நாள் பூம்பாறை வயலில் நானும் அக்காவும் ஒரு படம் எடுத்தோம். தானா எடுக்கிற மாதிரி திருகி, கேமராவைக் கல் மேல வச்சுட்டு நான் ஓடி வரணும். ஓடி வந்தேன். படி வழுக்குச்சு, அதுக்குள்ள அக்கா ரெண்டு அடி முன்னாடி போய் நின்னுட்டா. இந்த லென்ஸுக்குக் கிட்ட நிக்கிறவங்கதான் பெரிசு. அதை அவ எப்பவோ கண்டுபிடிச்சுட்டா.

பிரிண்ட் வச்சிருக்கேன். நான் எங்கேன்னு தேடாதே. அக்கா தோளுக்குப் பின்னால் ரோஸ் கலரில் ஒரு நுனி தெரியுதே, அதுதான் நான். பண்ணைக்காடு முழுக்கக் காட்டிட்டேன். மாமா, நீங்க இருக்கிற படத்திலேயே இதுதான் நல்லா வந்திருக்குங்கிறாங்க.

நானும் அதைத்தான் சொல்லிக்கிட்டுத் திரியுறேன்.

உன் தாய்மாமன்,
சேனாதிபதி